சைலன்சர் முனையில் துரு

வண்டியில் முதலில் கிழடு தட்டும் பாகம் சைலன்சர். டேங்கும் மட்கார்டும் புதிதாகவே இருக்கும்போது, புகை வெளியேறும் முனையில் செம்பழுப்புப் புள்ளிகள் கிளம்பிவிடும். காரிலும் பின்பம்பருக்குக் கீழே எட்டிப்பார்க்கும் குழாயின் விளிம்புதான் முதலில் நிறம் மாறுகிறது. பார்த்தவுடன் பலரும் கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாத்திரம் துலக்கும் கம்பி நார், தச்சர் வைத்திருக்கும் உப்புத்தாள், கழிவறைக்கு வாங்கிய ஆசிட் என்று எல்லாமே சைலன்சர்மீது ஏறுகின்றன. அன்று மாலை முனை பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்குப் பிறகு பார்த்தால், புள்ளியாக இருந்தது திட்டாகப் பரவியிருக்கும். அந்த அவசரத்தைத் தவிர்க்கச் சொல்வதற்காகவே இந்த அத்தியாயம். என்ன உலோகம் என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கினால், அரை மணி நேர உழைப்பில் பல ஆண்டுகள் சைலன்சரைக் காப்பாற்றலாம்.

முனைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி

மழை நனைப்பதால்தான் சைலன்சர் துருப்பிடிக்கிறது என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய காரணம் உள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக், 2 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 40 மில்லி தண்ணீரைப் புகையோடு வெளியே தள்ளுகிறது. இயந்திரம் நன்றாகச் சூடேறிவிட்டால் அது ஆவியாகவே போய்விடும். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போதோ, புகை அதன் சுவரில் பட்டுத் துளித்துளியாகப் படியும். காலையில் காரை எடுக்கும்போது முனையிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இந்தத் தண்ணீர்தான்.

இது வெறும் தண்ணீராக இருந்தால்கூடப் பரவாயில்லை. புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடும், நைட்ரஜன் ஆக்சைடுகளும், எரிபொருளில் மிச்சமிருக்கும் கந்தகமும் அதில் கரைந்து, மெல்லிய அமிலமாக மாற்றிவிடுகின்றன. கந்தகத்தின் பங்கு இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கும் பி.எஸ்.6 பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதற்கு முந்தைய பி.எஸ்.4 பெட்ரோலில் 50 பங்கு இருந்தது. ஆனாலும் தண்ணீரின் அளவு குறையவில்லை.

ஆகவே தெருமுனைக் கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் மட்டுமே ஓடும் வண்டியின் சைலன்சர், தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் சைலன்சரைவிட விரைவில் கெட்டுப்போகும். ஓட்டம் குறைவு, வண்டி புதுசு போலத்தான் என்று சொல்லி விற்கப்படும் பழைய வண்டியை வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். முனை கடைசிப் பகுதி என்பதால் அதற்குள் புகையும் ஓரளவு ஆறிவிடுகிறது, ஈரம் படிய அது வசதி. வெளியிலிருந்து டயர் வாரியடிக்கும் சேறும் மழைநீரும் அதே இடத்தில்தான் விழுகின்றன. உட்புறத்தில் படியும் கரி அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

கடற்கரை ஊர்களில் இவற்றோடு உப்பும் சேர்கிறது. காற்றில் வரும் உப்புத் துகள் இரும்பின்மேல் படிந்து, இரவுப் பனியில் கரைந்து, துருவை விரட்டி வேலை வாங்குகிறது. உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி சிக்ரி நிறுவனம் தன் கடலோர ஆய்வு நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது அந்தக் காற்றின் வலிமைக்காகத்தான். ராமேசுவரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையின் பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியையும் கோயம்புத்தூரில் நிற்கும் வண்டியையும் ஒரே அளவுகோலால் பார்க்கக் கூடாது. கடலிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே காற்றில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வண்டி நிறுத்த இரண்டு இடம் இருந்தால், கடலைப் பார்க்காத பக்கத்தில் நிறுத்துங்கள்.

முதலில் காந்தம், பிறகு கை

ஒரு சின்னக் காந்தம் போதும். அலமாரிக் கதவிலோ பழைய ஸ்பீக்கரிலோ இருப்பதைக் கழற்றிக்கொள்ளலாம். வண்டி முழுதாக ஆறிய பிறகு முனையைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்துவிட்டுக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

கண்ணாடிபோல் முகம் தெரிகிறது, காந்தமும் பலமாகப் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் அது குரோம் முலாம் பூசிய இரும்பு. புல்லட், பழைய ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 எல்லாம் இந்த வகை. நிறம் கொஞ்சம் மங்கிய வெள்ளையாக இருந்து, காந்தம் ஒட்டவே இல்லை அல்லது மிக லேசாக இழுக்கிறது என்றால் அது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கும். அதில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்திருக்கும். மங்கிய வெள்ளை, ஆனால் காந்தம் பிடிக்கிறது என்றால் 409 ரகமாக இருக்கலாம். கார் நிறுவனங்கள் சைலன்சர் குழாய்க்குப் பெரிதும் பயன்படுத்துவது இதைத்தான். இதில் குரோமியம் 11 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும், அதனால் மேலே பழுப்பு படர்வது இதற்கு இயல்பு. ஓட்டை விழ நெடுங்காலம் ஆகும். 409 ரகக் குழாயின் பழுப்பு நிறத்தைக் கண்டு கலங்கி, அதைச் சுரண்டிப் பளபளப்பாக்க நினைப்பது வீண் வேலை.

வெள்ளியும் சாம்பலும் கலந்த மங்கல் நிறத்தில் இருப்பது அலுமினியம் பூசிய இரும்புத் தகடு. அதைச் சுரண்டவே கூடாது. அந்தப் பூச்சு போனால் அடியில் உள்ளது வெறும் இரும்பு. கடைசியாக, கறுப்புப் பெயிண்ட் அடித்த சைலன்சர். இன்று விற்பனையாகும் பைக்குகளில் இதுதான் அதிகம்.

இன்னும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குப் பக்கத்தில் பெண்டு பைப் மஞ்சளாகவும் ஊதாவாகவும் நீலமாகவும் மாறியிருப்பது துரு இல்லை. சூட்டினால் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறம் அது. வண்டிக்கு அதனால் கேடில்லை. முனையில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பாக ஒட்டிக்கொள்வதும் துரு இல்லை, கரி. மண்ணெண்ணெய் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்தாலே போய்விடும். கரியைத் துடைத்த பிறகே அடியில் துரு இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும்.

குரோம்

அதிகமாகக் கெடுக்கப்படுவதும் அதிகப் பொறுமை கேட்பதும் குரோம்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

குரோம் பூசிய சைலன்சரில் நம் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பின் பெரும்பகுதி குரோமின் கீழே இருக்கும் நிக்கலுடையது. இரும்பின்மேல் பத்து முதல் முப்பது மைக்ரான் வரை நிக்கல், அதன்மேல் மிக மெல்லிய குரோமியம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். மேலே உள்ள குரோமியம் பெரும்பாலும் அதில் பாதிகூட இருப்பதில்லை. அந்தப் படலம் மிகவும் கடினமானது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் ஊசித்துளைகளும் அதில் உண்டு. கீழே நிக்கல் கெட்டியாக இருக்கும்வரை கவலையில்லை. முலாம் பட்டறையில் நிக்கலில் சிக்கனம் பிடித்திருந்தால், துளை வழியே ஈரம் இரும்பைத் தொட்டுவிடும். அதன் பிறகு நடப்பது ஒரு மின்கலத்தின் வேலை. சுற்றிலும் பரந்து கிடக்கும் நிக்கலும் குரோமும் ஒரு முனை, நடுவில் ஊசிமுனை அளவுக்குத் தெரியும் இரும்பு மறுமுனை. அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன இரும்பின்மேல் விழுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் புள்ளியாகத் தொடங்கியது, சில மாதங்களில் முலாமை உள்ளிருந்து தூக்கிக் கொப்புளமாக்கிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். குரோமின்மேல் தெரியும் துரு, குரோமின் துரு அன்று. அடியில் உள்ள இரும்பு கசிந்து வெளியே வந்தது. இரண்டாவது, துருவை எடுக்கும்போது மிச்சமிருக்கும் நல்ல முலாமைக் கீறிவிட்டால், நாமே புதிதாகத் துளை போட்டுக் கொடுத்தவர்களாவோம். எனவே குரோமைவிட மென்மையாகவும் துருவை இளக்கக்கூடியதாகவும் உள்ள பொருளால்தான் தேய்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட பொருள் சமையலறையிலேயே இருக்கிறது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் உள்ளங்கை அளவு கிழித்துக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருவின்மேல் மெதுவாக வட்டமாகத் தேய்க்கவும். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது, கீறாது. தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறக் கூழ் ஒன்று உண்டாகும், அதுவே நல்ல பாலிஷாகவும் வேலை செய்யும். தாள் கிழிந்து கறுத்துவிட்டால் புதிது எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தத் தேவையில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். தண்ணீருக்குப் பதிலாக வெள்ளை வினிகரில் நனைத்தால் இன்னும் வேகமாகப் போகும். ஆனால் முடித்ததும் சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீர் விட வேண்டும்.

அலுமினியத் தாளுக்கு மசியாத துருவுக்குப் பித்தளைக் கம்பி பிரஷ் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் மிக மெல்லிய ரகமான நான்கு சைபர் ஸ்டீல் உல்லை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கலாம். எண்ணெய் இல்லாமல் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கக் கூடாது. பாத்திரக் கடையில் விற்கும் சுருள் கம்பி நாரும், எந்த நம்பர் உப்புத்தாளும் குரோமின் பக்கமே வரக் கூடாது.

துரு போன இடத்தில் கறுப்பாகக் குழிகள் மிஞ்சும். நல்ல முலாம் போய்விட்ட இடங்கள் அவை. எந்தப் பாலிஷும் அவற்றை நிரப்பாது. பலர் இங்கேதான் விடாமல் தேய்த்துச் சுற்றியிருந்த நல்ல முலாமையும் இழக்கிறார்கள். இந்த இடத்தில் நிறுத்திவிடுவதே சரி. உலர்ந்த துணியால் துடைத்து, வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி ஈரத்தைப் போக்கி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறியதும், பிராசோ போன்ற உலோகப் பாலிஷால் ஒருமுறை துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். கார் மெழுகுகளில் சேரும் கார்னோபா மெழுகு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உருகிவிடும். ஆகவே அதை சைலன்சரின் கடைசி ஒரு சாண் பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அங்கும் மாதம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். பெண்டு பைப்பில் பூசினால் புகைந்து கறைதான் படியும்.

குழிகள் நிறைந்துவிட்டால் மறுமுலாம் போடுவதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி வரும். என் கணிப்பில், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் வண்டிக்கு மறுமுலாம் வேண்டாம். பழைய முலாமை உரித்து, குழிகளைத் தேய்த்துச் சமன்செய்து, மறுபடி நிக்கலும் குரோமும் ஏற்றும்போது தகடு மெலிந்துவிடும். உள்ளே ஏற்கெனவே துரு தின்றிருந்தால் வெளியே மட்டும் பளபளக்கும் ஒரு சல்லடைக்குக் காசு கொடுத்தவர்களாவோம். ஆர்எக்ஸ் 100 போல உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்ட வண்டிகளுக்கு, அசல் சைலன்சர் உறுதியாக இருந்தால், மறுமுலாம் போடுவதில் நியாயம் இருக்கிறது. அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு. புகையோடு வரும் ஆயில் உட்சுவரில் படிந்து துருவைத் தடுக்கிறது. கூடவே கரியும் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கரியை எடுக்கச் சைலன்சரைத் தீயில் போட்டுச் சுடும் பழக்கம் வேண்டாம். முலாம் நிறம் மாறி உரிந்துவிடும். காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பது மேல். அதைக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். அலுமினிய பாகம் எதுவும் அதில் விழக் கூடாது.

மறுமுலாம் போடக் கொடுக்கும் பட்டறை கழிவுநீரைச் சுத்திகரிக்கிறதா என்றும் விசாரியுங்கள். குரோம் முலாம் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. குரோமியக் கழிவு மண்ணுக்கும் கிணற்றுக்கும் என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் மலையாகக் குவிந்துபோன கழிவு காட்டிக்கொண்டிருக்கிறது. நம் வண்டியின் பளபளப்புக்காக யார் வீட்டுக் குடிநீரும் கெட வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்

இதற்குத் துருவே வராது என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பது அதன் மேற்பரப்பில் தானாக உண்டாகும் குரோமிய ஆக்சைடு படலம். கீறினாலும் காற்று பட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். அந்தப் படலத்தை உடைக்கக்கூடிய எதிரி குளோரைடு, அதாவது உப்பு. கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் முனையின்மேல் டீக்கறை போலப் பழுப்பு படர்வதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு காரணத்தை நாமே உண்டாக்குகிறோம். சாதாரண இரும்புக் கம்பி பிரஷாலோ கம்பி நாராலோ தேய்த்தால், அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்துகொள்ளும். அடுத்த நாள் துருப்பிடிப்பது அந்தத் துகள்கள்தான். பார்ப்பவருக்கு ஸ்டீலே துருப்பிடித்தது போலத் தெரியும். பச்சை நைலான் ஸ்க்ரப்பர், சமையல் சோடாக் குழைவு, இவை போதும். உலோகத்தில் வரி தெரிந்தால் அந்த வரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் துல்லியமாகத் தெரியும்.

பழுப்பு ஆழமாக இருந்தால் சிட்ரிக் அமிலம் நல்ல மருந்து. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் கரைத்து, கழற்றக்கூடிய முனையாக இருந்தால் கழற்றி ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். கழற்ற முடியாவிட்டால் துணியை நனைத்துச் சுற்றிவைத்து, காயும்போதெல்லாம் நனைத்துவிடலாம். மேலே ஒட்டிய இரும்பு கரைந்துபோகும், காப்புப் படலமும் மறுபடி உறுதியாக உருவாகும். தொழிற்சாலைகளிலும் ஸ்டெயின்லெஸ் பாகங்களுக்கு இதே அமிலத்தைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் புளியும் அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் உப்புச் சேர்த்துத் தேய்க்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

காரில் கடையில் வாங்கி மாட்டும் அலங்கார முனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை அசல் குழாயின்மேல் உறைபோல ஏறி, ஒரு திருகாணியில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஈரமும் சேறும் தங்கி, வெளியே முனை பளபளக்கும்போதே உள்ளே குழாய் அரித்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள்.

கறுப்புப் பெயிண்ட்

இதில் பயப்பட ஒன்றுமில்லை, சுரண்டலாம். பெயிண்ட் கொப்புளித்து உரிந்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, 80 நம்பர் எமரி பேப்பரில் தொடங்கி 220 வரை போய், வெள்ளை இரும்பு தெரியும்வரை கொண்டுவர வேண்டும். தூசி போகத் துடைத்து, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையை எடுக்கவும். அதன் பிறகு அந்த இடத்தைக் கையால் தொடக் கூடாது, விரலின் பிசுக்கே பெயிண்டைப் பிடிக்கவிடாது.

சாதாரண ஸ்பிரே பெயிண்டும், வீட்டுக் கம்பிக் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரும் சைலன்சரில் நிற்காது, கருகி உதிரும். 600 டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் எழுதியுள்ள சிலிக்கோன் வகைப் பெயிண்டையே கேட்டு வாங்குங்கள். மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிட்டு அடிக்க வேண்டும். ஒரே தடவையில் திக்காக அடித்தால் சூட்டில் கொப்புளிக்கும்.

அடித்துக் காய்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. இந்தப் பெயிண்ட் சூட்டில்தான் இறுகும். முதல் நாள் எஞ்சினைப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். பிறகு இருபது நிமிடம், மறுபடி ஆறவிடுங்கள். அதன் பிறகு ஓட்டலாம். லேசாகப் புகையும் வாடையும் வரும், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். டப்பாவில் வேறு நேரக் கணக்கு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

துருவைக் கறுப்பாக மாற்றித் தடுக்கும் திரவங்களும் கடையில் கிடைக்கின்றன. பாஸ்பாரிக் அமிலமோ டானினோ கலந்தவை அவை. கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்து கறுப்பதும் இதே டானின் வேலைதான். வண்டியின் அடிச்சட்டத்துக்கு அவை ஏற்றவை. சைலன்சரின் சூட்டில் டானின் வகை சிதைந்துவிடும் என்பதால் இங்கே காசைச் செலவழிக்க வேண்டாம்.

கழிவறை ஆசிட் கூடவே கூடாது

வாட்டர் சர்வீஸ் செய்யும் சில இடங்களில் சைலன்சரை ஆசிட் ஊற்றிப் பளிச்சென்று ஆக்கித் தருகிறார்கள். வீட்டிலும் சிலர் கழிவறை கழுவும் திரவத்தை ஊற்றுகிறார்கள். அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைக்கும் என்பது உண்மை. அதே வேகத்தில் குரோமையும் கரைக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் குளோரைடைப் புகுத்திக் குழி பறிக்கும். மடிப்புகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் தங்கி, கழுவிய பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் வருவது குளோரின் வாயு, நுரையீரலைப் புண்ணாக்கும். வண்டியைக் கழுவக் கொடுக்கும்போதே, சைலன்சரில் ஆசிட் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கழுவுதல், மூடுதல், வெள்ளம்

சூடாக இருக்கும் சைலன்சரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். முனையின் வாயைத் துணிப் பந்தால் அடைத்துவிட்டுக் கழுவி, மறக்காமல் அதை எடுத்துவிடுங்கள். கழுவிய பின் வண்டியை வெயிலில் நிறுத்துவதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வருவது நல்லது, உள்ளே போன நீரும் ஆவியாகிவிடும். ஈரமாகவோ சூடாகவோ இருக்கும்போது கவர் போட்டு மூடினால், இரவெல்லாம் ஆவியில் வேகவைத்ததற்குச் சமம்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். சென்னையின் பல பகுதிகளிலும் ராமநாதபுரத்திலும் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் உலோகத்தில் தங்கும். எல்லாவற்றையும் குடிநீரில் கழுவச் சொல்லவில்லை. கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீராகவோ பிடித்துவைத்த மழைநீராகவோ இருக்கட்டும்.

பல சைலன்சர்களின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே சேரும் நீர் வடிவதற்காக நிறுவனமே போட்டது. புகை கசிகிறதே என்று அதை அடைத்துவிட்டால், உள்ளிருந்தே சைலன்சர் அழுகிப்போகும். கரியில் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நடந்ததுபோல் வெள்ளம் சைலன்சருக்கு மேலே ஏறி நின்றிருந்தால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எஞ்சினுக்குள் நீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக் பார்த்து, சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்து வடித்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

ஓட்டை விழுந்துவிட்டால்

தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஸ்க்ரூடிரைவர் பிடியால் சைலன்சரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் தகடு நன்றாக இருக்கிறது. சத்தம் மந்தமாகி, உள்ளே சலசலவென்று உதிர்வது கேட்டால் அந்த இடம் தின்னப்பட்டுவிட்டது. எம்-சீல் போன்ற எபாக்ஸிப் பசை சைலன்சர் சூட்டில் ஒரு வாரம்கூட நிற்காது. ஓட்டை சிறிதாகவும் சுற்றியுள்ள தகடு கெட்டியாகவும் இருந்தால் வெல்டிங் வைக்கலாம். விரலால் அழுத்தினாலே தகடு அமுங்குகிறது என்றால் வெல்டிங் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

காரில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அடியில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டை விழுந்த சைலன்சரோடு ஏசி போட்டுக்கொண்டு நின்ற காரில் தூங்குவது உயிருக்கே ஆபத்து. பின்சீட்டில் குழந்தைகள் தலைவலி, குமட்டல் என்று அடிக்கடி சொன்னால் உடனே கண்ணாடியை இறக்குங்கள், மறுநாளே வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பாருங்கள். பி.எஸ்.6 வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாருக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால், தவறான கணக்கில் பெட்ரோல் அதிகமாகச் செலவாகும், மைலேஜும் குறையும்.

மாற்றும்போது சத்தம் அதிகம் போடும் சைலன்சரை வாங்காதீர்கள். அது அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவும் அதைத் தடுக்கிறது: முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம், மூன்று மாதம் உரிமமும் போகும்.

கழற்றிய பழைய சைலன்சரை இரும்பு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள சைலன்சர் என்றால் அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கும். மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சர்கள் பல மாநிலங்களில் திருடுபோனது இவற்றுக்காகத்தான். மெக்கானிக்கிடம் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் வாங்கும் கடை இரண்டு மூன்றில் விலை விசாரித்த பிறகு கொடுங்கள்.